சூளை ஆறும் வேகமும் கண்ணாடிப் பூச்சின் குணமும்

மதுரை ஜில்லாவின் மேற்குக் கோடியில் மலையடிவாரத்தில் இருக்கும் எழுமலை முதலாகக் கிழக்கே வைகைக் கரை வரையில் பரந்து கிடப்பது கண்மாய்ப் பாசன நாடு. கண்மாய் இருக்கும் இடத்தில் களிமண் உண்டு. களிமண்ணை நம்பிச் சக்கரம் சுழற்றும் வேளார் குடும்பங்களும் இந்நாட்டில் தொன்றுதொட்டு இருந்து வருகின்றன. பொங்கல் பானை, சமையற் சட்டி, தண்ணீர்க் குடம், கார்த்திகை அகல், அய்யனார் கோயிற் புரவி ஆகிய இவர்களது உருப்படிகள் யாவும் வெறும் மண்ணாற் செய்து சுட்டவை. மேலே பூச்சு இல்லாதவை. நுண்ணிய துளைகளின் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் குடத்து நீர் குளிர்கிறது. ஆகவே குடத்திற்குக் கசிவு குணமேயாம். ஊறுகாய் ஜாடிக்கும், மோர்க் கிண்ணத்திற்கும், எண்ணெய்க் கலயத்திற்கும் அதுவே குற்றம். இக்குற்றத்தை நீக்கிக் கூடுதல் விலை தரக்கூடிய பண்டங்களைச் செய்ய விரும்புவோர் பாண்டத்தின்மேல் கண்ணாடிப் பூச்சு இடும் முறையைக் கைக்கொள்கின்றனர். பூச்சுக்குரிய சரக்குகளின் அளவைக் கூறும் குறிப்புகள் எளிதிற் கிடைக்கின்றன. எத்தனை டிகிரி வரையில் எரிக்க வேண்டும் என்பதையும் அவை கூறும். எரிப்பு நின்ற பின் சூளை எவ்விதம் ஆற வேண்டும் என்பதைப் பற்றியோ அவற்றுள் பல ஒரு வரிகூடக் கூறுவதில்லை. அந்த ஒரு வரி இல்லாத குறையால் விளையும் நஷ்டமே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

இதனை எழுதுவோன் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு தொழிற்கூடத்தில் இருந்தபோது நிகழ்ந்ததை இங்கே சொல்லலாம். காவிக்கல் மிகுதியாகச் சேர்த்த கரும்பூச்சு ஒன்றைப் பரீட்சித்தோம். சூளை உச்ச உஷ்ணத்தை எட்டியதும், பார்வைத் துளை வழியே இரும்புக் கம்பியை விட்டு, உள்ளே வைத்திருந்த மாதிரி வளையம் ஒன்றை வெளியே எடுத்தோம். அது கருவண்டின் முதுகைப்போல் மின்னியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சூளைவாயைச் செங்கல்லும் சேறும் வைத்து அடைத்துவிட்டு இரண்டு நாட்கள் பொறுத்துத் திறந்தால், நடுவில் இருந்த பாண்டங்கள் யாவும் உலர்ந்த புளியம்பழ ஓட்டின் நிறத்தில் மங்கிக் கிடந்தன. வாயருகே இருந்த நாலைந்து மட்டும் வளையத்தைப் போலவே கறுத்து மின்னின. பழி விறகின்மேல் விழுந்தது. விறகு கொடுத்தவருடன் ஒரு மாத காலம் பேச்சுவார்த்தையே இல்லாமற் போயிற்று. அவர்மீது யாதொரு குற்றமும் இல்லை என்பதும், வளையம் சில நிமிஷங்களில் குளிர்ந்தது, பாண்டம் இரண்டு நாட்களில் குளிர்ந்தது, வித்தியாசம் அவ்வளவே என்பதும் பின்னரே விளங்கிற்று.

பூச்சுத் தொழில் இந்த ஜில்லாவுக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டுவதில்லை. 1880ஆம் ஆண்டில் வெளியான இந்தியத் தொழிற்கலைகள் பற்றிய தமது ஆங்கில நூலில் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவர் மதுரைப் பூச்சுப் பாண்டங்களை வருணித்திருக்கிறார். உருண்டை வயிறும் நீண்டு நிமிர்ந்த கழுத்தும் உடைய தண்ணீர்க் கூஜாக்கள் அவை. வெளி வயிறு துளையிட்டது. அதனுள்ளே கசியும் தன்மையுள்ள வேறொரு கலம். இரண்டுக்கும் நடுவே காற்று உலாவி நீரைக் குளிர்விக்கும். வெளிப்புறம் முழுதும் கொத்து வேலை செய்து, அதன்மேல் கரும்பச்சை அல்லது பொன்னிறம் கலந்த பழுப்புப் பூச்சு இட்டிருந்தார்கள். பொதுவாகத் தாழ்ந்த உஷ்ணத்தில் உருகும் ஈயப் பூச்சில் செம்பு சேர்ந்தால் பச்சையும், இரும்பு சேர்ந்தால் தேன் நிறமும் பிறக்கும். கசிவை வேண்டிய கலத்தில் கசிய விட்டு, வேண்டாத கலத்திற்கு மட்டும் பூச்சிட்ட அந்தக் கைத்திறன் போற்றத்தக்கது. வட ஆற்காட்டுப் பக்கத்தில் வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியிலும் பூச்சுப் பாண்ட மரபு உண்டு.

இனிப் பூச்சு என்பது யாதென்று பார்ப்போம். வெங்கச்சங்கல்லின் தூளே அதன் முக்கிய சரக்கு. ஆனால் அது தனியே உருக 1,700 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். எந்தக் கிராமச் சூளையும் அதைத் தராது. ஆகவே அதனுடன் உருக்கும் சரக்காக மரச்சாம்பல், சுண்ணாம்பு, வெங்காரம், ஈயச் சரக்கு முதலியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ சேர்க்கின்றனர். உருகியது வழிந்தோடாமல் பாண்டத்தைப் பற்றி நிற்பதற்குச் சிறிது களிமண்ணும் சேரும். இக்கலவை சூளையில் தேனைப்போல் உருகிப் பாண்டத்தின் மேல் படர்கிறது. நெருப்பு நின்றபின் அது இறுகிக் கண்ணாடியாகிறது. இறுகும் வேகத்தைப் பொறுத்து அது கண்ணாடியாகவும் ஆகலாம், கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் நிறைந்த வேறொரு பொருளாகவும் ஆகலாம்.

இது விளங்கச் சமையற்கட்டுக்குள் செல்ல வேண்டும். பொரிவிளங்காய்க்கோ அதிரசத்துக்கோ பாகு காய்ச்சும் பெண்மணி பதம் பார்ப்பது எவ்விதம்? ஒரு துளியைத் தண்ணீரில் விடுகிறாள். முற்றிய பாகானால் அது உடனே இறுகி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஒலிக்கிறது. தெளிவாகவும் வழவழப்பாகவும் இருக்கும் அத்துளி சர்க்கரையாலான கண்ணாடியே. பனங்கற்கண்டு செய்வோரோ காய்ச்சிய பதநீர்ப் பாகைப் பானையில் ஊற்றி, அசைக்காமல், பல வாரங்கள் மெல்ல ஆறும்படி வைத்து விடுகின்றனர். பானையைத் திறந்தால் பட்டை தீட்டினாற்போன்ற படிகங்கள் உள்ளே வளர்ந்திருக்கின்றன. இரண்டிலும் இருப்பது சர்க்கரையே. திடீரெனக் குளிர்ந்தபோது அதன் அணுக்கூட்டங்கள் ஒழுங்காக வரிசைப்பட அவகாசமின்றி நின்ற நிலையிலேயே உறைந்தன. அவகாசம் கிடைத்தபோது வரிசைப்பட்டுப் படிகமாயின. உருகிய பூச்சும் அவ்வாறே நடந்துகொள்கிறது.

உச்ச உஷ்ணத்திலிருந்து சூளை இறங்கும் வழியில் கவனிக்க வேண்டிய பகுதிகள் மூன்று. முதலாவது, பூச்சு இன்னும் இளகிய நிலையில் இருக்கும் பகுதி. 1,250 டிகிரிக்கு எரித்த கற்பாண்டப் பூச்சானால் இது ஏறக்குறைய 1,100 முதல் 900 வரையில் என்று கொள்ளலாம். இங்குதான் படிகங்கள் முளைத்து வளர்கின்றன. இதற்கு மேற்பட்ட உஷ்ணத்தில் முளைத்த படிகமும் மீண்டும் கரைந்துவிடும். இதற்குக் கீழே பூச்சு மிகத் தடித்துவிடுவதால் படிகம் வளர இயலாது. இப்பகுதியைச் சூளை விரைந்து கடந்தால் பூச்சு தெளிவாகவும் பளபளப்பாகவும் நிற்கும். மணிக்கு 50 முதல் 80 டிகிரி வரையில் மெல்ல இறங்கினால் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் மேற்பரப்பில் நிறைந்து, ஒளியைச் சிதறடித்து, பூச்சை மங்கலாக்கும். மங்கல் எப்பொழுதும் குற்றமன்று. பட்டுப்போல் மென்மையான மங்கற் பூச்சை விரும்பி வாங்குவோர் பலர். வேண்டும்போது வருவதும் வேண்டாதபோது வாராமல் இருப்பதுமே தொழிலாளியின் கையில் இருக்க வேண்டியது.

எல்லாப் பூச்சும் ஒரே அளவில் படிகம் விடுவதில்லை. ஈயப் பூச்சு எளிதில் படிகம் விடாது. பழைய ஈயப் பூச்சுகளின் மாறாப் பளபளப்புக்கு இது ஒரு காரணம். களிமண் மிகுந்த பூச்சு உருகிய நிலையிலும் தடிப்பாயிருப்பதால் படிகம் வளர்வதை ஓரளவு தடுக்கும். சுண்ணாம்பு, மக்னீஷியா, துத்தநாகம், இரும்பு ஆகிய இவை மிகுந்த பூச்சுகள்தாம் ஆறும் வேகத்திற்குத் தக்கபடி முகம் மாறுகின்றவை. மரச்சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி என்பதைச் சாம்பற் பூச்சு இடுவோர் நினைவில் வைக்க வேண்டும்.

இரும்புப் பூச்சில் இந்த இரகசியத்தை ஜப்பானியர் நன்கு அறிந்து பயன்படுத்தினர். அந்நாட்டின் மினோ பிரதேசத்துச் சூளைகளில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பூச்சு உருகிய நிலையிலேயே தேநீர்க் கிண்ணங்களை நீண்ட இடுக்கியால் சூளையிலிருந்து வெளியே இழுத்தனர். அவ்வாறு திடீரெனக் குளிர்ந்தவை ஆழ்ந்த கருமை பெற்றன. அதே பூச்சுச் சூளைக்குள் மெல்ல ஆறினால் பழுப்பாகவே வரும். அந்நிறத்திற்கு அவர்கள் இட்ட பெயரே ‘இழுத்தெடுத்த கருமை’ என்று பொருள்படும். எங்கள் மாதிரி வளையம் செய்த வேலையும் அதுவே. நாங்கள்தாம் அதை அறியாதிருந்தோம். இதற்கு எதிரிடையான வழியை ஐரோப்பியர் கைக்கொண்டனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டென்மார்க்கிலும் பிரான்சிலும் துத்தநாகம் மிகுந்த பூச்சை உச்ச உஷ்ணத்திலிருந்து விரைவாகச் சிறிது இறக்கி, பிறகு அந்த உஷ்ணத்திலேயே சில மணி நேரம் நிறுத்தி வைத்து, விசிறிபோல் விரிந்த பெரும் படிகங்களைப் பூச்சிற்குள் மலரச் செய்தனர். இது நம் கிராமங்களுக்கு உடனே வேண்டிய வேலையன்று. ஆறுதலை ஆள்வதால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு உதாரணமாகவே கூறினோம்.

சூளையின் அளவையும் இங்கே கருத வேண்டும். சிறு சூளை வேகமாக ஆறும். பெருஞ்சூளையோ தடித்த சுவரிலும் நிறைந்த பாண்டத்திலும் உஷ்ணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். ஆகவே சிறு பரீட்சைச் சூளையில் கண்ணாடிபோல் வந்த பூச்சு, அதே சரக்கு, அதே அளவு, அதே உஷ்ணம் என்று இருந்தும், பெருஞ்சூளையில் மங்கலாக வருவதுண்டு. ஒரே சூளையிலும் சுவரோரப் பாண்டம் ஒரு விதமாகவும் நடுப் பாண்டம் ஒரு விதமாகவும் ஆறுகின்றன. பூச்சைக் கரைத்தவரின் கைப்பிசகு என்று இதைக் கொள்வது தவறு. ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் 1886ஆம் ஆண்டில் ஏற்படுத்திய உஷ்ணக் கூம்புகளைச் சூளையில் வைப்போரும் ஒன்றை மறத்தலாகாது. கூம்பு வளைவது சூளை ஏறும் வழியை மட்டுமே காட்டும். இறங்கும் வழியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதற்குப் பைரோமீட்டரோ, அனுபவப்பட்ட கண்ணோ வேண்டும்.

ஆறும்போது சூளைக்குள் செல்லும் காற்றும் நிறத்தை மாற்ற வல்லது. பூச்சு இளகியிருக்கும் வரையில் நல்ல காற்றுப் பட்டால் செம்பு பச்சையாகவும் இரும்பு தேன் நிறமாகவும் நிற்கும். புகை சூழ்ந்து காற்று முட்டினால் செம்பு சிவந்துபோம். இரும்பு பசுமை கலந்த சாம்பல் நிறம் கொள்ளும். விறகு எரிந்து முடிவதற்குள் வாயை அடைத்துவிட்டால், நெருப்பு நின்றதாக நாம் நினைத்திருக்கும்போதே உள்ளே புகை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இவ்வித்தையின் முதற்பாடம் நம் நாட்டில் மிகப் பழமையானது. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2014ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அகழாய்வில் வெளிப்பட்ட கறுப்புச் சிவப்புப் பானைகளைப் பலரும் அறிவர். அவ்விடத்தின் பழமை கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்வதாக மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. எழுமலைக்குத் தென்கிழக்கே உள்ள டி. கல்லுப்பட்டியிலும் 1976ஆம் ஆண்டில் அத்துறை அகழாய்வு செய்தது. அங்கும் இவ்வகைப் பானை உண்டு. உள்ளும் வாயோரமும் கறுப்பு, வெளியே சிவப்பு. இதில் கண்ணாடிப் பூச்சு இல்லை. தேய்த்து ஏற்றிய மெருகே உண்டு. காற்றுப் பட்ட பக்கம் சிவந்தது. காற்று முட்டிக் கரி படிந்த பக்கம் கறுத்தது. பானையைக் கவிழ்த்து அடுக்கினார்களோ, சுடச்சுட எடுத்து இலைதழைகளில் புதைத்தார்களோ, அதைப்பற்றி அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. எவ்வாறாயினும், நெருப்பின் கடைசி நேரத்தையும் ஆறும் நேரத்தையும் ஆண்டவர்களாலன்றி இரண்டு நிறமும் ஒரே பானையில் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்றல் கூடாது.

இரண்டாவது பகுதி, பூச்சு இறுகிக் கண்ணாடியாகிவிட்ட பின் வருவது. இங்கே படிகமும் நிறமும் மாறா. ஆபத்து வேறு விதமானது. நம் மண்ணில் இயற்கையாகவே உள்ள மணலும், வேளார் கலக்கும் ஓடை மணலும் பெரும்பாலும் வெங்கச்சங்கல்லின் துகள்களே. இத்துகளுக்கு ஒரு வினோத குணம் உண்டு. 573 டிகிரியில் அதன் உள்ளமைப்பு திடீரென மாறுகிறது. ஏறும்போது துகள் பருக்கிறது, இறங்கும்போது சுருங்குகிறது. சுருக்கம் கன அளவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்குதான். ஆயினும் பாண்டத்தின் ஒரு பக்கம் இந்த எல்லையைக் கடந்தும் மறுபக்கம் கடவாமலும் இருந்தால், அந்தச் சிறு சுருக்கமே பாண்டத்தைக் கிழிக்கப் போதுமானது.

‘எங்கள் பானை சூளையைப் பிரித்த மாத்திரத்தில் சூட்டோடு வெளியே வருகிறதே, அது ஏன் வெடிக்கவில்லை?’ என்று வேளார் கேட்பர். நியாயமான கேள்வி. பூச்சில்லாப் பானை தாழ்ந்த உஷ்ணத்தில் சுட்டது, துளைகள் நிறைந்தது, மெல்லியது. துகள்கள் சிறிது அசைவதற்கு அதில் இடம் உண்டு. பூச்சிட்ட கலம் உயர்ந்த உஷ்ணத்தில் இறுகியது. அதன் மேல் கண்ணாடித் தோல் வேறு இறுகப் பற்றியிருக்கிறது. அசைய இடம் இல்லாதது உடைகிறது. பூச்சில்லாப் பானையில் பரம்பரையாகக் கற்ற கைப்பழக்கம் இந்த ஓர் இடத்தில் மட்டும் துணை செய்யாது. 1,200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் எரித்த கற்பாண்டத்திற்கு 226 டிகிரிக்கு அருகே இதைப்போன்ற மற்றொரு சுருக்கமும் உண்டு. அதுவே மூன்றாவது பகுதி. தாழச் சுடும் பாண்டத்திற்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை.

573 டிகிரியைக் கருவியின்றி அறிய இயற்கையே ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. சூடேறிய பொருள் இருட்டில் மிக மங்கிய செம்மையுடன் தெரியத் தொடங்குவது ஏறக்குறைய 525 டிகிரியில். 1,100இல் மஞ்சள் கலந்த செம்மை; 900இல் பழுத்த இலந்தையின் சிவப்பு; 700இல் மங்கிய சிவப்பு; அதற்குக் கீழே இருட்டில் மட்டும் தெரியும் கருஞ்சிவப்பு. ஆகவே இராக்காலத்தில் பார்வைத் துளையின் வழியே நோக்க, உள்ளே கடைசிச் செம்மை மறையும் வேளையில்தான் சூளை இந்த ஆபத்தான எல்லையைக் கடந்துகொண்டிருக்கிறது. ‘செம்மை போய்விட்டது, சூளை அணைந்தது, இனித் திறக்கலாம்’ என்று மனிதன் நினைக்கும் வேளையும் அதுவே. பகல் வெளிச்சத்தில் இந்தச் செம்மை இன்னும் முன்னதாகவே கண்ணுக்கு மறைந்துவிடுவதால், பகலில் பார்ப்பவர் மேலும் அதிகமாக ஏமாறுகிறார்.

உடைந்த பாண்டமே தான் உடைந்த நேரத்தைச் சொல்லும். விரிசலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பூச்சு ஓரத்தில் உருண்டு வழிந்திருந்தால், பூச்சு உருகுவதற்கு முன்பே, அதாவது ஏறும்போதே, பாண்டம் வெடித்தது என்று அறிக. ஓரம் கண்ணாடிச் சில்லைப்போல் கூராயிருந்து விரலைக் கீறினால், பூச்சு இறுகிய பின் ஆறும்போது வெடித்தது. முன்னதற்கு மருந்து, ஈரம் போக உலர்த்துவதும் முதல் நெருப்பை மெல்ல ஏற்றுவதும். பின்னதற்கு மருந்து, பொறுமை. இந்தச் சோதனைக்குக் காசு இல்லை. ஆயினும் உடைந்ததை ஓட்டுக் குவியலில் எறிவதற்கு முன் இதைச் செய்து பார்ப்போர் அரியர்.

ஆறுதலின்மேல் வீணாகச் சுமத்தப்படும் பழி ஒன்றும் உண்டு. பூச்சின் மேல் சிலந்தி வலைபோல் ஓடும் நுண்கீறல்களைக் கண்டவுடன் ‘சூளையைச் சீக்கிரம் பிரித்ததால் வந்தது’ என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. சுடச்சுட எடுத்தால் கீறல் உடனே வெளிப்படும் என்பது உண்மை. மெல்ல ஆற்றினாலும் அது சில நாட்களிலோ சில மாதங்களிலோ வரத்தான் போகிறது. பூச்சு தன் கீழிருக்கும் மண்ணைக் காட்டிலும் அதிகமாகச் சுருங்குவதே இதன் மூலகாரணம். இறுகத் தைத்த சட்டை கிழிவதை ஒக்கும். சாம்பற் சத்தும் சோடாவும் மிகுந்த பூச்சுகளில் இது மிகுதி. வெங்கச்சங்கல் தூளைச் சிறிது கூட்டியோ, சோடாவில் ஒரு பங்கைக் குறைத்து வெங்காரம் சேர்த்தோ சரிசெய்ய வேண்டும். துளைகள் நிறைந்த மண்பாண்டமானால் அது காற்றிலுள்ள ஈரத்தை உண்டு நாளடைவில் சிறிது பருப்பதாலும் கீறல் பிறக்கும். அதற்கு மண்ணை இன்னும் உயர்ந்த உஷ்ணத்தில் சுடுவதே வழி. மெல்ல ஆற்றினால் எல்லாம் தீரும் என்று நம்பிக் காத்திருப்பவர் விற்ற ஜாடி ஆறு மாதத்தில் எண்ணெய் கசிந்து திரும்பி வரும்.

சூளையைச் சீக்கிரம் திறப்பதற்கு அறியாமை மட்டும் காரணம் என்று சொல்வது அநீதி. மதுரைச் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். அகல் விளக்குக்குக் கிராக்கி உண்டாகும் காலமும் அதுவே. பச்சைப் பாண்டம் உலராது, விறகு நனைந்திருக்கும், மேகம் கறுத்தால் சூடான சூளையின்மேல் மழை விழும் பயம், வியாபாரியோ வண்டியுடன் வாயிலில் நிற்பான். அடுத்த சூளைக்கு இடம் வேண்டும். மூன்று வாரத்து வேலையும் விறகுக்கு வாங்கிய கடனும் அந்த ஒரு சூளைக்குள் இருக்கின்றன. அரை நாள் பொறுக்காததால் அவ்வளவும் ஓடாவதும் உண்டு. பொறுத்திருந்தால் சந்தை தவறிப்போவதும் உண்டு. ஆகவே ‘மெல்ல ஆற்றுக’ என்று பொதுப்படக் கூறிச் செல்வதில் பயனில்லை. எங்கே விரையலாம், எங்கே விரையலாகாது என்று பிரித்துச் சொல்வதே உதவி.

பளபளப்பான பூச்சு வேண்டுவோர் கைக்கொள்ளத்தக்க முறை வருமாறு. உச்ச உஷ்ணத்தை அடைந்ததும் உடனே இறக்காமல், பூச்சிலுள்ள குமிழிகள் வெளியேறி அவற்றின் குழி ஆறும்வரை, கால் மணி முதல் அரை மணி நேரம் அதே உஷ்ணத்தில் நிறுத்துக. பிறகு விறகு இடுவதை நிறுத்தி, அடுப்பிலுள்ள தணலை வாரி, சூளைவாயையும் புகைபோக்கியையும் திறந்தபடியே விட்டு, உள்ளே மஞ்சட் செம்மை மாறிச் சிவப்பு வரும்வரை விரைந்து இறங்கவிடுக. பூச்சு இளகிய நிலையில் இருப்பதால் இந்த விரைவால் பாண்டம் வெடிப்பதில்லை. வாயிலுக்கு நேரே நிற்கும் பாண்டத்தின்மேல் குளிர்காற்று நேரே மோதாதபடி உடைந்த ஓடுகளை மறைப்பாக வைத்தல் நலம். மங்கிய சிவப்பு வந்தவுடன் வாய், புகைபோக்கி, பார்வைத் துளை எல்லாவற்றையும் செங்கல்லும் சேறும் கொண்டு அடைத்துவிடுக. அதன் பின்னர் 573 டிகிரிக்கு மேலும் கீழும் சுமார் 50 டிகிரி வரையில் மணிக்கு 50 டிகிரிக்கு மேற்படாமல் இறங்குதல் வேண்டும். தடித்த சுவருள்ள செங்கற் சூளையை நன்றாக அடைத்துவிட்டால் பெரும்பாலும் அது தானாகவே அவ்வாறு இறங்கும். மெல்லிய சுவரானால் மேலே சாம்பலைப் பரப்பிப் போர்த்துக. மங்கற் பூச்சு வேண்டுவோர் முதற்பகுதியிலும் வாயை அடைத்தே வைக்க வேண்டும். சிலர் இடையிடையே சிறு விறகிட்டு இறக்கத்தைத் தாமதிக்கச் செய்வதும் உண்டு.

திறக்கும் நேரத்தை அறிய எளிய வழி: பார்வைத் துளையின் வழியே உலர்ந்த வைக்கோற் புரியைச் சிறிது நேரம் உள்ளே நீட்டி எடுத்தால் அது பழுப்பேறக் கூடாது. பழுப்பேறினால் உள்ளே இன்னும் 200 டிகிரிக்குக் குறையாமல் இருக்கிறது என்று கொள்க. வைக்கோல் நிறம் மாறாமல் வந்தால் அடைப்பில் ஒரு செங்கல்லை மட்டும் எடுத்துவிட்டுச் சில மணி நேரம் பொறுத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுக்கலாம். வெறுங்கையால் பாண்டத்தைத் தொட்டு எடுக்க முடியும்போதுதான் சூளை ஆறியது என்பது பழையவர்கள் கணக்கு. பூச்சுப் பாண்டத்திற்கும் அக்கணக்கே பொருந்தும்.

ஈயத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறாமல் விடலாகாது. மிருதாரசிங்கி, ஈயச் செந்தூரம் ஆகியவை தாழ்ந்த உஷ்ணத்தில் உருகி, எவ்வித ஆறுதலையும் பொறுத்துக்கொண்டு, அழகிய பளபளப்பைத் தருபவை. ஆகவே மனத்தைக் கவரும். புளி, மோர், ஊறுகாய், எலுமிச்சை ஆகிய புளிப்புப் பொருள்கள் ஈயப் பூச்சிலிருந்து ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். அவ்விஷம் உடலில் தங்கி, முக்கியமாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தூளை அரைத்துக் கரைக்கும் வேளார் வீட்டாருக்கும் கேடு குறைந்ததன்று. மெல்ல ஆற்றியதாலோ விரைந்து ஆற்றியதாலோ இவ்விஷம் நீங்குவதில்லை. பேர்ட்வுட் கண்ட மதுரைக் கூஜாவில் நீர் நின்றது பூச்சில்லாத உட்கலத்தில். பூச்சு இருந்தது வெளியே. உணவு பரிமாறும் கலத்திற்கு வெங்காரப் பூச்சோ, உயர்ந்த உஷ்ணத்துச் சாம்பற் பூச்சோதான் தகும். பின்னதற்கு வழிகாட்டியாக, 1971ஆம் ஆண்டில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் இருவர் பாண்டிச்சேரியில் தொடங்கிய பாண்டக்கூடத்திலிருந்து பயின்று வெளிவந்தோர் இந்நாட்டின் பல இடங்களில் கற்பாண்டம் செய்து வருகின்றனர்.

இதனைப் படித்தவுடன் முழுச் சூளையையும் புதிய முறையில் ஆற்றிப் பார்க்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நஷ்டம் வந்தால் ஒரு குடும்பத்தால் தாங்க முடியாது. நாலைந்து குடும்பங்கள் ஒரு பொதுச் சூளையில் சேர்ந்து மூன்று முறை எரித்துப் பார்ப்பது சாத்தியமானது. எழுமலைக்கு அருகே டி. கல்லுப்பட்டியில் 1940இல் ஏற்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தமது இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா, கிராமத் தொழிலுக்கும் ஆராய்ச்சி வேண்டும் என்று கருதி உழைத்தவர். ஆராய்ச்சிக்குக் கண்ணாடிக் குடுவைகள் வேண்டுவதில்லை. ஒரே மண்ணில் செய்து ஒரே பூச்சிட்ட சிறு கிண்ணங்கள் முப்பது போதும். ஒவ்வோர் எரிப்பிலும் பத்து. சூளைவாயருகே மூன்று, நடுவே நான்கு, பின்சுவரோரம் மூன்று. அடியில் ஆணியால் கீறிய எண். முதல் எரிப்பில் வாயைத் திறந்தே வைத்து மங்கிய சிவப்பு வரும்வரை ஆற்றுக. இரண்டாவதில் உச்சத்திலேயே அடைத்துவிடுக. மூன்றாவதில் முதற்பாதி விரைவும் பிற்பாதி மெதுவுமாக மேலே கூறிய முறையைக் கைக்கொள்க. நெருப்பு நிறுத்திய நேரம், மஞ்சள் மாறிய நேரம், செம்மை மறைந்த நேரம், வைக்கோல் நிறம் மாறாமல் வந்த நேரம் ஆகிய நான்கையும் எழுத்தறிந்த பிள்ளை ஒருவன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கட்டும். ஒவ்வோர் எரிப்பிலும் மாதிரி வளையம் ஒன்றையும் இழுத்தெடுத்து அந்தந்தப் பத்துக் கிண்ணங்களின் பக்கத்தில் வைக்க வேண்டும். வளையத்தைப் போலவே வந்த கிண்ணம் எந்த எரிப்பில், எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்தபின், அந்த நோட்டுப் புத்தகத்தைச் சூளையருகே உள்ள மாடத்திலேயே வைத்திருப்பது நல்லது.